கடல் தாண்டி வந்தவர்களுக்குச் சாவில்லை

அக்கா,

நேற்றுத் தோவாளையில் திருநெல்வேலி பஸ் வந்து நின்றதும் நனைந்த கம்பளி நாற்றம் அடித்தது. இறங்கியவர் கண்டியிலிருந்து திரும்பிய யாரோ ஒரு கிழவர். தோட்டத்தில் கொடுப்பார்களே, அதே கறுப்புக் கம்பளி. கையிலிருந்த பிச்சிப்பூப் பொட்டலத்தை மூக்கோடு வைத்து அழுத்திக்கொண்டேன். பலிக்கவில்லை. நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள், கூடவே கோபமும் வந்தது. செத்தவர்களுக்கு எழுதும்போது நல்ல வார்த்தையாக எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு அது வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்டியில் அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் மருத்துவச்சியாகச் சேர்ந்த முதல் வாரமே நீங்கள் வந்தீர்கள். நோய் ஒன்றும் இல்லை. ஊர்க்காரி ஒருத்தி வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு முகம் பார்க்க வந்தீர்கள். "ஏட்டி, நீ தோவாளையா? நான் சிதறால் மலைக்க அடியிலயாக்கும். நம்ம ஊரு மரச்சீனிக் கெழங்கு தின்னு எத்தன வருசமாச்சு மக்கா!" என்று என் கன்னத்தைக் கிள்ளினீர்கள். நாற்பது வருடம் கொழுந்து கிள்ளிய விரல். இரண்டு நாள் எரிந்தது.

அங்கே வயதானவர்கள் இரண்டு வகை. தோட்டத்திலேயே பிறந்து கிழடானவர்கள் ஒன்று, உங்களைப் போல ஊரிலிருந்து போய்க் கிழடானவர்கள் மற்றொன்று. ஆஸ்பத்திரியில் ஒரு சாவுப் புத்தகம் இருந்தது. அதில் அங்கே பிறந்த கிழவன் கிழவிகளின் பெயர்தான் வரும். ஊரிலிருந்து வந்தவர்கள் பெயர் வரவே வராது. வருடத்துக்கு இரண்டு தடவை பெரிய டாக்டர் வந்து அதைப் புரட்டிவிட்டு, "கடல் தாண்டி வந்த கிழங்களுக்குச் சாவே இல்லையே!" என்று அதிசயப்படுவார். பக்கத்தில் கைகட்டி நிற்கும் மருந்தய்யா, ஆஸ்பத்திரியைத் தினமும் நடத்துகிறவர், "அது சூளையில் வெந்த செங்கல், ஐயா. இங்கே பிறந்தது பச்சை மண்" என்பார். இருவரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தச் சிரிப்பிலிருந்து ஒரு சட்டம் பிறந்தது. அங்கே பிறந்த வயதானவர்களுக்குத் தினமும் ஒரு தம்ளர் பால், மழைக்காலத்தில் கூரைக்கடியில் வேலை. வந்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. செங்கல்லுக்கு எதற்குப் பால்?

நம் ஆட்கள் சண்டை போட்டிருக்க வேண்டாமா? அதுதான் இல்லை. பெருமைப்பட்டார்கள். உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு அக்கா, இன்று சொல்லிவிடுகிறேன். இருமல் தொடங்கிய புதிதில் யாருக்கும் தெரியாமல் ஒரு தம்ளர் பால் கொண்டுவந்து கொடுத்தேன். என்ன சொன்னீர்கள்? "பாலு குடிக்கதுக்கு நான் இங்க பொறந்தவளா? நம்ம ஊரு வெள்ளம் குடிச்ச ஒடம்பாக்கும். எமன் வந்தாலும் வாசல்ல நிண்ணு யோசிப்பான்." பாலை அடுத்த லயத்து வரிசைவீட்டில் இருந்த கிழவிக்குக் கொடுத்துவிட்டு, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் மலையேறிப் போனீர்கள். வாய் மட்டும் குறைச்சல் இல்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் சளியில் இரத்தம் வந்தது. அப்போதுதான் நீங்களாகக் கேட்டீர்கள். "மக்கா, ஆஸ்பத்திரியில ஒரு கட்டிலு கிட்டுமா? பத்து நாளு அனங்காம கெடந்தா தேறிருவேன்." மருந்தய்யாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊரிலிருந்து வந்ததுக்குக் கட்டிலா? ஊர்க்காற்றுப் பட்டால் எல்லாம் சரியாகிவிடும். டிக்கெட் வாங்கி அனுப்பு" என்றார். நானும் நம்பினேன். படித்தவள் நான், நாடி பிடிக்கத் தெரிந்தவள், உங்கள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டவள், நம்பினேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எழுத்து வேலையும் என்னிடம்தான். ஆள் பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயருக்கு நேரே, 'நலமாக ஊர் திரும்பினார்' என்று எழுதினேன்.

அன்று உங்களோடு இன்னும் நான்கு பேர் புறப்பட்டார்கள். ஐந்து பேரும் வயதானவர்கள், ஐந்து பேருக்கும் உடம்பு சரியில்லை. ஸ்டேஷனில் நீங்கள் கேட்டீர்கள்.

"எனக்க பேருக்கு என்னத்த எழுதின மக்கா?"

"நலமாக ஊர் திரும்பினார்ணு எழுதியிருக்கேன் அக்கா."

"நல்லாருக்கு. நீ எழுதினா பலிக்கும்."

அடுத்த வருடம் விடுமுறையில் ஊருக்கு வந்ததும் உங்களைப் பார்க்கச் சிதறாலுக்கு வந்தேன். மரச்சீனி அவித்து வைத்திருப்பீர்கள் என்ற நினைப்பு. உங்கள் தம்பிதான் வெளியே வந்தார். "அக்கா போயாச்சே. வந்து பதினோராம் நாளு" என்றார். அப்புறம் அவர் சொன்னதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? "கெடையில கெடந்துக்கிட்டு, 'அந்தப் பிள்ள நலம்ணு எழுதிச்சே, பின்ன எதுக்கு எனக்கு மூச்சு இப்பிடி இழுக்கு'ண்ணு கேட்டா" என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை அவர். குடிக்கக் கருப்பட்டிக் காப்பி தந்தார்.

உங்களோடு வந்த தங்கம்மை ஊரே சேரவில்லை என்றும் அவர்தான் சொன்னார். திருநெல்வேலிக்கு முன்பே ரயிலில் உங்கள் தோளில் சாய்ந்தபடி போய்விட்டாளாம். அவள் மேல்தோட்டத்துக்காரி. பெயரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. மற்ற மூன்று பேரின் ஊர் தெரியும். விடுமுறை முழுக்க நடந்தேன். குளச்சலில் ஒருவர், இங்கே பக்கத்தில் இருவர். மூன்று வீட்டிலும் ஒரே பதில். ஒருவர்கூட இரண்டு மாதம் தாண்டவில்லை.

அன்றுதான் எனக்கு உறைத்தது. சாகப்போகிறவர்களை எல்லாம் ரயிலேற்றிவிட்டு, எங்களிடம் சாவே இல்லை என்று பெருமை! குப்பையை அடுத்த வீட்டு முற்றத்தில் கொட்டிவிட்டு என் வீடு சுத்தம் என்பவளுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அங்கே பிறந்தவர்கள் நம்மைவிட நோஞ்சான்கள் இல்லை அக்கா. அவர்களுக்குப் போக வேறு ஊர் இல்லை. அதனால் அங்கேயே செத்தார்கள், சாவுப் புத்தகத்தில் ஏறினார்கள். நமக்கு ஊர் இருந்தது. அது ஒன்றுதான் நம்முடைய ஆரோக்கியம்.

தோட்டத்துக்குத் திரும்பிப் போன அன்றே பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன். ஐந்து பெயருக்கு நேரே இருந்த என் எழுத்தை அடித்துவிட்டு, 'இறந்தார்' என்று எழுதினேன். மருந்தய்யா பார்த்துவிட்டுப் புத்தகத்தைப் பிடுங்கினார். "இவர்கள் நம் தோட்டத்தில் சாகவில்லையே, நமக்கென்ன?" என்றார். "நோய் எந்தத் தோட்டத்தில் வந்தது?" என்று கத்தினேன். ஆஸ்பத்திரியே கூடிவிட்டது. மாதம் முடிவதற்குள் எனக்கும் ஒரு டிக்கெட் வாங்கிக் கொடுத்தார்கள். என் பெயருக்கு நேரேயும் நலம் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

இப்போது தோவாளையில் பிரசவம் பார்க்கிறேன். போன மாதம் பூச்சந்தையில் ஒரு கங்காணி தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். "கண்டிக் காத்து ஒடம்புக்கு நல்லதாக்கும். நம்ம ஊருக்காரங்க அங்க கெழடாயும் சாகதில்ல. ஆஸ்பத்திரிப் புத்தகத்திலயே உண்டு" என்றான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியாது. சந்தை நடுவில் நின்று ஐந்து பெயரையும் சொன்னேன். உங்கள் பெயரை முதலில் சொன்னேன். எத்தனையாம் நாள் செத்தீர்கள் என்றும் சொன்னேன். "மருத்துவச்சிக்குக் கிறுக்கு பிடிச்சாச்சு" என்று பூக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் சாகும்வரை அந்த ஐந்து பெயரையும் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஒருத்தி மட்டும் நின்றாள். தினமும் திருநெல்வேலி பஸ் வரும் நேரத்துக்கு அங்கே நிற்பவள். பூ வாங்கவும் மாட்டாள், எங்கும் போகவும் மாட்டாள்.

"அம்மா, தங்கம்மைண்ணு ஒரு பேரு சொன்னிய" என்றாள். "எனக்க அம்மைக்கும் அதுதான் பேரு. நலமா ஊருக்குப் பொறப்பட்டாச்சுண்ணு தோட்டத்திலேருந்து கடுதாசி வந்து ரெண்டு வருசமாச்சு. மேல்தோட்டத்துலதான் வேல. இன்னும் வரல்ல."

சற்று முன் சந்தை நடுவில் நான் கத்திச் சொன்ன பெயர். அதை அவளிடம் சத்தம் போடாமல் சொல்ல வேண்டியிருந்தது.

"உங்க அம்மை செத்துப்போனா மக்கா" என்றேன். "இனி பஸ் பாக்க வேண்டாம்."