சென்னையில் நிற்கும் மெயில்களும் முதலாளியின் கையும்

30 செப்., செவ்வாய்

காலையில் தூறல். மொரப்பூரிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே. சட்டை பாதி ஈரம்.

நாளை ஆயுத பூஜை, ஆலை முழுக்கக் கழுவுகிறார்கள். நான் பார்த்துக்கொள்ளும் சர்வர் ரூமுக்கும் ஒருத்தன் ஹோஸ் பைப்போடு வந்தான். கத்தி விரட்டினேன். "மாப்ளதாங்க சொன்னாரு, எல்லா மிஷினையும் கழுவுன்னு." மாப்பிள்ளை, அதாவது முதலாளியின் மருமகன், எம்.பி.ஏ. சர்டிபிகேட் சுவரில் மாட்டியிருக்கிறது, நம்பித்தான் ஆக வேண்டும்.

லேப் நூர்ஜஹான் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போன மாம்பழக் கூழ் சாம்பிள் பாஸா, ஃபெயிலா என்று இந்த வாரம் மெயில் வர வேண்டும். ஃபெயில் என்றால் லேபையே மூடிவிடுவேன் என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நூர்ஜஹானின் சம்பளத்தில்தான் அவர் வீடே ஓடுகிறது. "வந்துச்சுங்களா சார்?" வரவில்லை. வந்தால் சொல்ல மாட்டேனா?

வாங்க: பேட்டரித் தண்ணீர், எலி மருந்து, தக்காளி.

1 அக்., புதன்

பாய்லருக்கு மாலை, லாரிக்கு மாலை, சர்வருக்கும் மாலை. சந்தனம் சரியாகக் காற்று போகும் ஓட்டைகளின் மேல். மாப்பிள்ளையின் கைவண்ணம்.

பிறகு முதலாளி எல்லாச் சுவிட்சையும் அணைத்தார். மறுபடி அவர் கை வைத்துத்தான் போட வேண்டும், இங்கே அதுதான் வழக்கம். பாய்லருக்குச் சரி. மெயிலுக்குமா? அவர் குடும்பத்தோடு தீர்த்தமலை, அப்படியே சொந்தக்காரர் வீடுகள். திங்கள்தான் திறப்பு.

மெயில் வராது என்று சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளை சிரித்தார். "மெயிலு எங்க சார் போயிடப் போவுது? அங்கியே கெடக்கும், வந்து எடுத்துக்கலாம்."

முட்டாள் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் எரிச்சல். நம் சர்வர் அணைந்திருந்தால் மெயில்கள் சென்னையில் ஒரு வாடகை சர்வரில் வரிசையில் நிற்கும். நம்முடையதைப் போட்டாலும் உடனே வராது, சென்னை சர்வர் தன் சௌகரியத்துக்கு அனுப்பும். உடனே வேண்டுமென்றால் இங்கிருந்து ஒரு வரிக் கட்டளை அடிக்க வேண்டும்: எங்களுடையதை இப்போதே கொடு. அந்த ஒரு வரி இந்த ஆலையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பொரி, பொட்டுக்கடலை, அரை ஆப்பிள். வருஷ மரியாதை முடிந்தது.

3 அக்., வெள்ளி

வெயில். வீட்டில். துவைத்தேன்.

நூர்ஜஹான் போன். அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் சென்னை ஏஜெண்ட் கூப்பிட்டாராம். மெயில் நேற்றே போய்விட்டது, அதிலிருக்கும் கேள்விக்கு நாளை மாலைக்குள் பதில் வராவிட்டால் ஆர்டர் வேறு ஆலைக்கு. வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்றால், கம்பெனி விதி இடம் தராதாம். அவர்களுக்கும் ஒரு பூஜை இருக்கும்போல.

"மிஷின போட்டுப் பாருங்களேன் சார். உங்களுக்குப் புண்ணியமா போவும்."

முதலாளி போன் தொடர்பு எல்லைக்கு வெளியே. மாப்பிள்ளை எடுக்கவில்லை. ஸ்டேட்டஸில் மட்டும் கோவில் குரங்கோடு செல்ஃபி. எது யார் என்று கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

4 அக்., சனி

ஆலைக்குப் போனேன். கம்பைநல்லூரிலிருந்து நூர்ஜஹானும் ஷேர் ஆட்டோவில் வந்துவிட்டார். வாட்ச்மேன் மாதப்பன் சாவியைத் தரவில்லை.

"ஐயா கை வெக்காம உள்ள வுட்டு, நாளைக்கி பாய்லரு வெடிச்சா யாருங்க பதில் சொல்றது?"

பாய்லர் எங்கே, சர்வர் எங்கே! எல்லாம் ஒரே சாமிதானாம். கேட்டில் வெயிலில் நின்றோம். அந்த அம்மா முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

மதியத்துக்கு மேல் முதலாளி வீடியோ காலில் கிடைத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"செரி, கைய காட்றேன். போன சுவிட்சுகிட்ட புடி."

உள்ளங்கை திரை முழுக்க. மாதப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நான், பி.இ. படித்தவன், முதலாளியின் கை இருந்த போனைச் சுவிட்சில் வைத்து அழுத்தினேன். ஃபேன் காய்ந்த சந்தனத்தை என் முகத்தில் துப்பியது.

மெயில் பெட்டி காலி. அந்த ஒரு வரியை அடித்தேன். அனுப்பத் தொடங்குகிறோம் என்று சென்னை பதில் சொன்னது. பம்ப்செட் விளம்பரம், தீபாவளித் தள்ளுபடி, லோன் வேண்டுமா, பிறகு அது. புளிப்பு அளவில் ஒரு சந்தேகம், எந்த எண் சரி? நூர்ஜஹான் நின்றபடியே பதில் அடித்தார். இருட்டும் முன் மறுமெயில் வந்தது. பாஸ்.

தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கு எத்தனையோ நாளைக்குப் பிறகு இந்த வேலை பிடித்திருந்தது.

6 அக்., திங்கள்

லேசான மழை. எல்லோருக்கும் மைசூர்பாகு.

"என் கை பட்டதும் கொட்டுச்சு பாரு மெயிலு!" முதலாளி இதைப் பாய்லர்காரரிடம்கூடச் சொல்லிவிட்டார்.

"சார்தாங்கய்யா ஏதோ டைப் பண்ணி வரவெச்சாரு," என்றார் நூர்ஜஹான்.

"அவரு போனுதாம்மா புடிச்சாரு. நாந்தான் பாத்துக்கினே இருந்தேனே."

மதியம் மாப்பிள்ளை கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

"மலையில இருந்தே மாமா போட்டா சர்வர் ஓடுது. அப்புறம் அதுக்குன்னு ஒரு ஆளு எதுக்குன்னு கேக்குறாரு சார். இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்."

வரிசை, கட்டளை எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். தலையாட்டிக் கேட்டார். கடைசியில் சொன்னார்:

"போன் புடிக்க மாதப்பன் இருக்கான் சார்."