கலர் பத்தாத தணிகாசலம்

ஜனவரி 4, ஞாயிறு

பனி. எதிர்வீடு தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் பாடுவது மட்டும், நம் தலையெழுத்து, தெளிவாகக் கேட்கிறது.

இந்த நோட்டின் மேல் ஆணை: இனி எழுதப்போவதை ஈரேழு பதினாலு லோகத்திலும் எவனும் நம்பமாட்டான். என் வீட்டுக்காரி நிச்சயமாக மாட்டாள்.

விடிந்ததும் எங்கள் போட்டோ வாட்ஸாப் குழுவில் தணிகாசலத்தின் படம். கொளவாய் ஏரி, எச்.டி.ஆர். ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, அளவாக ஒன்று, வெளுப்பாக ஒன்று என்று மூன்று தரம் எடுத்து கம்ப்யூட்டரில் ஒன்றாக்கும் வித்தை. மேகமும் தெரியும், மரத்தடி நிழலும் தெரியும். நியாயமாகச் செய்தால். தணிகா செய்ததில் வானம் பீட்ரூட் பொரியல். தண்ணீர் கிளிப்பச்சை. கரையில் ஒரு மாடு, கேசரி நிறத்தில். திறந்ததும் என் போன் கொதித்தது. ஏரி மீன்கள் கண்ணை மூடிக்கொண்டதாகக் கேள்வி.

கேளம்பாக்கம் நிவேதா, ஐ.டி.யில் வேலை, குழுவின் வாயாடி: "அங்கிள், சன்கிளாஸ் போட்டுட்டுப் பார்க்கலாமா?"

தணிகா: "இன்னும் கலர் ஏத்தணும்மா. டல்லாகீது."

நான் பதினோரு கைதட்டல் போட்டேன். ஏற்றிவிடுவதில் நமக்கு நிகர் நாமே.

ஜனவரி 7, புதன்

வாங்க: மெமரி கார்டு. லென்ஸ் துடைக்கும் துணி. புளி (மறந்தால் மரணம்).

கோர்ட் பக்கம் தணிகாவின் ஜெராக்ஸ் கடை. ஸ்கிரீனில் மூக்கு ஒட்ட உட்கார்ந்திருந்தான்.

"அண்ணாத்த, இந்தச் சேப்பு பத்துமா?"

பத்தும் என்றேன். இன்னும் இரண்டு ஏற்றினான். பட்டப்பகலில் டியூப்லைட் இரண்டு, புதிதாக ஒரு மேசை விளக்கு, மூன்றும் எரிகின்றன. கேட்டால், "கடைன்னா பளிச்சுனு இருக்கணும்."

புளி மறந்தேன். இன்னும் உயிரோடிருப்பது தெய்வச் செயல்.

ஜனவரி 11, ஞாயிறு

மாமல்லபுரம். ஆறு பேர். கேமரா முக்காலிகளைத் தூக்கி இலங்கைக்கு அனுப்பும் காற்று.

சிற்பப் பட்டறை. உள்ளே இருட்டு, வாசலில் கொளுத்தும் வெயில், நடுவில் மிதக்கும் கல்தூள். எச்.டி.ஆருக்கென்றே கட்டிய இடம். வாசலோரம் பாதி செதுக்கிய துவாரபாலகர், ஆள் உயரம். தணிகா கேமராவைப் பொருத்திவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னான்:

"யப்பா, கொஞ்சம் அந்தாண்ட நவுரு. மூணே ஷாட்தான்."

சிற்பி உளியைக் கீழே போட்டுச் சிரித்தார். நிவேதா: "அவர் ரெண்டு டன் அங்கிள், மெதுவாத்தான் நகருவார்!"

நானும் சிரித்தேன். ஆனால் பக்கத்தில் நின்றவன் நான். சிரிப்புச் சத்தம் எழும்வரை, சிலை நகரும் என்று அவன் காத்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கினேன். வழியில் டீ.

"எத்தினி நாளாடா?"

"கண்ணாடில ஆவி புடிச்சா மாதிரி... ஆறு மாசமாகீது. கண்புரையாம். ஆப்ரேசன்னாரு டாக்டரு. ஓடியாந்துட்டேன்."

"கௌரிக்குத் தெரியுமா?"

"பொண்டாட்டிகிட்ட சொன்னா இட்டுகினு பூடுவா. கண்ல கத்தி வெச்சு ஏடாகூடமாப் பூட்டா? இந்தக் கேமராவ வுட்டா எனக்கு வேற இன்னா அண்ணாத்த கீது?"

இந்தக் கண்ணோடுதான் மாமல்லபுரம் வரை வண்டி ஓட்டி வந்திருக்கிறான். பின்னால் நான். வாயைத் திறந்தேன், வழக்கம்போல் பொய் வந்தது.

"உன்னுது தம்மாத்தூண்டு. எனக்கும் கீது, பனங்கா சைஸு. லண்டன் டாக்டருங்க க்யூல நின்னு பார்த்துட்டுப் போறாங்க. தனியாப் போக பயமாகீதுடா."

அவன் டீயை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தான். "நான் வரேன் அண்ணாத்த. பயப்படாத."

ஜனவரி 13, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. வரிசை முழுக்க எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தான், பாவி. அவனுக்கு அடுத்த செவ்வாய் ஆபரேஷன், வலது கண். என்னையும் இருட்டறையில் உட்காரவைத்து நெடுநேரம் பார்த்தார் டாக்டர். அது இப்போது வேண்டாம்.

கௌரியிடம் தானே சொன்னானாம். ஒரு தட்டு உடைந்ததாம்.

ஜனவரி 20, செவ்வாய்

தணிகா உள்ளே. கௌரியும் நானும் வெளியே, ஸ்டீல் பெஞ்சில்.

கௌரி: "தெனம் காலைல கேப்பாரு மாமா, இன்னிக்கு இன்னா கலர் பொடவைன்னு. இத்தினி வருசத்துக்கப்புறம் ஆசையா கேக்கறாரேன்னு நெனச்சுகினு இருந்தேன்."

போய் இரண்டு காபி வாங்கி வந்தேன்.

ஜனவரி 21, புதன்

நல்ல வெயில். கட்டுப் பிரித்தாயிற்று. மாலை அவன் வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளை இவ்ளோ வெள்ளையாவா கீது?"

கௌரி வந்தாள். யாரும் கேட்காமலே சொன்னான்: "மாம்பழக் கலரு." அவள் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே ஓடினாள். அடுப்பு எரியவே இல்லை.

பிறகு போனில் ஏரிப் படம்.

"அடப்பாவிங்களா! மாட்டுக்கு எவன் பெயிண்ட் அடிச்சது? இதுக்கா கை தட்டுனீங்க?" சிரித்து, நிறுத்தி, "உன் பனங்கா இன்னாச்சு? எப்போ ஆப்ரேசன்?"

"இடது கண்ணு. ஆரம்ப நிலையாம்."

"சும்மா கதை வுடாத அண்ணாத்த. என்னை இட்டுகினு போக சொன்னதுதானே? எனக்குத் தெரியாதா?"

ஒரு வாரமாகப் பர்சில் மடித்து வைத்திருந்த சீட்டை நீட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். விளக்குப் போடவில்லை. மூக்கில் ஒட்டவில்லை. டாக்டர் கையெழுத்தை, கடவுளே படிக்க முடியாததை, வரி வரியாகப் படித்தான்.

சிரிப்பு போய்விட்டது. "நான்தான் வண்டி ஓட்டுவேன்" என்றான்.

லண்டன் புளுகு, க்யூ புளுகு, பனங்காய் மகா புளுகு. கொஞ்சம் பயமாக இருந்தது மட்டும் நிஜம்.