செவலைக்கு முன்னால் நின்ற மாடு

ஆனி 12, செவ்வாய்

இன்று காலை பால் சொசைட்டியில் என் பால் கேனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மாட்டின் ரத்தத்தில் வருடக்கணக்காக ஒளிந்திருக்கும் ஒரு வைரஸ் நோய்க்குப் பரிசோதனை செய்யப் போன மாதம் கால்நடை டாக்டர் வந்தார். தெருவே பரிசோதனைக்குப் பயந்து மாடுகளைத் தோப்புக்கு ஓட்டிவிட்டது. நான் மட்டும் என் நான்கு மாடுகளையும் காட்டினேன். செவலைப் பசுவுக்கு நோய் இருக்கிறதாம். பாலைக் காய்ச்சிக் குடித்தால் பயமில்லை என்று டாக்டரே சொன்னார்.

செயலாளர் அண்ணாச்சி எல்லோருக்கும் கேட்கும்படி, "உம் பாலு இங்கன வேண்டாம்மா. சனம் பயப்படுது" என்றார்.

கேனைக் கீழே வைத்தேன். பிறகு கேட்டேன்.

"எம் மாட்டுக்குச் சீக்குன்னு காயிதம் சொல்லுது. ஒங்க மாட்டுக்கு இல்லன்னு எந்தக் காயிதம் சொல்லுது, அண்ணாச்சி? சீக்கு ஊசி வழியாத் தொத்துமாம். பொங்கலுக்கு முந்தி ஊசி போட வந்த ஆளு, வரிசையில நின்ன அம்புட்டு மாட்டுக்கும் ஒரே ஊசியத்தானே குத்துனான்? எஞ் செவலைக்கு முன்னால நின்னது யாரு மாடு?"

அவர் மாடுதான்.

அன்று புது ஊசி கேட்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நானும்தான். அதுதான் உறுத்துகிறது.

திரும்பி வந்த பாலைக் காய்ச்சி வீட்டில் எல்லோரும் குடித்தோம். நாளையும் கேனோடு போவேன்.

சாயங்காலம் சாரலில் நனைந்தபடி அண்ணாச்சியின் மனைவி புறவாசல் வழியாக வந்து, மெதுவாக டாக்டர் நம்பர் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன்.

"போகும்போது முன்வாசல் வழியாப் போங்க, மதினி" என்றேன்.