ஊர் பேரில் எழுதிய படகுகள்

கரையில் இன்று படகுக்கு ஒட்டுப் போடுகிறார்கள். பைபர் பிசினின் அந்த வாசனை. மூக்கில் கைக்குட்டையோடு நீங்கள் வந்து நிற்பதுபோல் இருந்தது. மீன் சாப்பிடாதவர், கைக்குட்டை மீன் நாற்றத்துக்காக. எங்களுக்காக என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கடல் ஏறி வந்து அப்பாவைக் கொண்டுபோன மறு மாதம். ராஜஸ்தானிலிருந்து சின்ன வயதில் காரைக்காலுக்கு வந்து இரும்பு ஆலை வைத்த நீங்கள் எங்களுக்குப் படகு தரப்போகிறீர்கள் என்றார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் ஏற்கெனவே கட்டிக் கொடுத்திருந்தீர்கள். அம்மா கேட்டாள்: "சும்மாவா குடுப்பாரு? கடக்கரை எதுக்கு வேணுமாம் சேட்டுக்கு?"

கோயில் வாசலில் கூட்டம். படகை இழந்தவர்களின் பட்டியலோடு உங்கள் மேனேஜர். ஊர்த் தலைவர் அதைத் தொடவில்லை. "ஊர் பேர்ல எழுதுங்க. மீன்ல பங்கு நாங்க பிரிச்சுக்குறோம். கடலுக்குப் போக ஆளில்லாத வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு."

எங்கள் வீட்டில் ஆளில்லை, சொந்தப் படகும் இருந்ததில்லை. பட்டியல்படி கொடுத்தால் எனக்குக் கல்லூரி இல்லை.

"ஊருக்குக் குடுத்தா தலைவர் வீட்டுக்குத்தான் போவும்," என்றீர்கள். லாரிக்காரர்களிடம் கற்ற தமிழ். எங்கள் தமிழேதான்.

நான் எழுந்தேன். "பதிலுக்கு எங்ககிட்ட என்ன கேப்பீங்க ஐயா?"

"படிக்கிற பொண்ணா?" சிரித்தீர்கள். "நான் வந்த அன்னிக்கு என்னையும் இப்புடித்தான் பாத்தாங்க. எத எடுத்துட்டுப் போவ வந்திருக்கான்னு."

அது பதில் இல்லை. பிறகு மேனேஜரிடம், "ஊர் பேர்லயே எழுது."

சில மாதம் கழித்து, ஒரு காலை, சொல்லாமல் கரைக்கு வந்தீர்கள். மீனைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எங்கள் பங்கைக் கூடையில் அள்ளினாள்.

"நல்லாப் பாத்துக்குங்க சேட்டு. எங்க பங்கு வந்துருச்சு."

"சும்மா காத்து வாங்க வந்தேம்மா."

"இந்த நாத்தத்துலயா?"

கைக்குட்டைக்குள் சிரித்தீர்கள். நீங்களும் எங்களை நம்பவில்லை. அதில் எனக்கு ஒரு நிம்மதி.

அந்தப் பங்கில் படித்து முடித்தேன். கரையை நீங்கள் கேட்கவே இல்லை.

நீங்கள் இறந்த அன்று தலைவர் தொழிலை நிறுத்தினார். ஊரில் சாவு விழுந்தால் யாரும் கடலுக்குப் போவதில்லை. வெளியாளுக்காக நிறுத்தியது அதுதான் முதல் தடவை. அம்மா, உறவில் போனவருக்குச் செய்வதுபோல, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரத் தலையோடு கேட்டாள்: "இனி சேட்டு மவன் வந்து கரையக் கேப்பானோ?"

அத்தனை படகும் கரையில் கிடந்தன. நானும் நின்றேன், உங்களுக்காகத்தான். கரையை அளக்க அளவு நாடாவோடு யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தபடி.

இன்றும் பார்க்கிறேன்.