மச்சானின் துப்பாக்கி விசை

செவ்வாய் இரவு. மழை விடவில்லை.

பக்கவாதம் வந்த பிறகு மச்சானின் வலது கை விரல் சரியாக மடங்குவதில்லை. அவரோ துப்பாக்கியைத்தான் குறை சொல்கிறார். "விசை இறுகிப் போச்சுலா, இலேசாக்கணும்" என்று இன்று என்னை ஈப்போ துப்பாக்கிக் கடைக்கு அழைத்துப் போகச் சொன்னார். எங்கள் தோட்டத்துச் செம்பனைக் கன்றுகளைத் தின்ன வரும் பன்றிகளை நாங்கள் சுடுவது அதில்தான்.

கடையில் குண்டில்லாத துப்பாக்கியின் விசையை நானும் இழுத்துப் பார்த்தேன். விரல் அழுத்த அழுத்த அசையாமல் நின்று, காய்ந்த ஈர்க்கு ஒடிகிற மாதிரி சட்டென்று விட்டது. எனக்குத் துப்பாக்கி பார்க்கத் தெரியும். அதில் குறையே இல்லை.

தமிழ் தெரிந்த சீனக் கடைக்காரர், "இன்னும் இலேசாக்கினா, தடுக்கி விழுந்தாலே வெடிச்சிரும் அண்ணே" என்றார்.

"பரவால்லலா, பன்னி சுடப் போறப்ப முன்னால நடக்கிறது இவன்தானே" என்றார் மச்சான். அவர் மட்டும்தான் சிரித்தார். பிறகு இடது கையால் வலது விரலைப் பிடித்து விசைமேல் வைத்து அழுத்திப் பார்த்தார். விசை அசையவில்லை.

காரில் ஏறியதும், "துப்பாக்கியப் போலீசுல ஒப்படைச்சிரலாம்" என்றார்.

காலையில் அவருக்கு சீட் பெல்ட் மாட்டப் போன என் கையைத் தட்டிவிட்டவர். இப்போது அவரே கையைத் தூக்கி வழிவிட்டார். நான்தான் மாட்டிவிட்டேன்.