டெல்னாவுக்கு வேண்டிய பத்து மார்க்

ஜனவரி 8

பத்தாம் வகுப்பு முழுவதையும் இன்று ஜோடி ஜோடியாகப் பிரித்துவிட்டார்கள். நன்றாகப் படிக்கிறவர் ஒருவர், தடுமாறுகிறவர் ஒருவர். போன வருஷம் எழுபத்தொரு பேர் பரீட்சை எழுதியதில் ஒரே ஒரு பையன் கணக்கில் தோற்றுப்போனான். சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களெல்லாம் நூறு சதவீதம் என்று படகுத்துறையில் பேனர் கட்டின. நாங்கள் கட்டவில்லை. தலைமையாசிரியர் தோமஸ்குட்டி சார் அந்தப் பையனைப் பற்றி இன்னும் காலைக் கூட்டத்தில் பேசுகிறார்.

எனக்குக் கிடைத்தவள் டெல்னா. பாடம் கணக்கு. ஜெயிக்க முப்பது மார்க் வேண்டும். அதில் இருபது, வருஷம் முழுக்கச் செய்த வேலைக்கென்று பள்ளிக்கூடமே போடுவது; எல்லோருக்கும் முழுசாகப் போட்டுவிடுவார்கள். ஆகவே எழுத்துப் பரீட்சையில் எண்பதுக்குப் பத்து எடுத்தால் போதும். இரண்டு மாதத்தில் பத்து மார்க் சொல்லித்தர முடியாதா என்ன?

வகுப்பாசிரியை விலாசினி டீச்சர் என்னிடம் ஒரு நோட்டு கொடுத்தார். தினமும் என்ன சொல்லிக்கொடுத்தேன், அவளுக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை, எல்லாம் எழுத வேண்டும். "உள்ளத உள்ளபடி எழுது ஹரிதா. நீ பொய் எழுத மாட்ட, அதான் உங்கிட்ட குடுக்கிறேன்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அட்டை போட்டு, சிவப்பு மையில் ஓரக்கோடு இழுத்துவிட்டேன்.

ஜனவரி 14

டெல்னாவின் அப்பா வர்க்கிச்சன் வாத்து மேய்க்கிறவர். எழுநூறு வாத்து. டெல்னா விடியுமுன் எழுந்து பட்டியில் முட்டை பொறுக்கிக் கூடையில் அடுக்கிவிட்டுத்தான் போட் ஏறுகிறாள். சாயங்கால வகுப்பில் கொட்டாவி விடுகிறாள். பெற்றோர் சங்கம் தினமும் பழம்பொரியும் சாயாவும் தருகிறது, அது வந்ததும் விழித்துக்கொள்கிறாள். கணக்கு வரவில்லை என்றாலும் பழம்பொரி தவறாமல் வருகிறதே என்று என்னிடம் சொன்னாள். சிரிக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

என்னை "டீச்சரம்மே" என்று கூப்பிடுகிறாள். நான் நோட்டில் எழுதும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறாள்.

"என்ன எழுதுற? போலீஸ் ஸ்டேஷன்ல எழுதுற மாதிரி எழுதுறியே."

"நீ கூட்டுத் தொடர்ல மூணு கணக்குக்கு ஒண்ணு சரியாப் போட்டேன்னு."

"அந்த ஒண்ணப் பெரிசா எழுது."

ஜனவரி 29

விசித்திரம். அவளுக்கு விடை தெரிகிறது. வழி எழுதத் தெரியவில்லை. இருபதாவது எண் என்ன என்று கேட்டால் கூரையைப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுகிறாள். அதைப் படிப்படியாக எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது. படி எழுதாத விடைக்கு நான் மார்க் போடுவதில்லை. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நோட்டில்: "விடை சரி. வழி இல்லை. 0."

"வாத்து எங்க போயிருக்குன்னு எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேட்டா என்ன சொல்ல?" என்றாள். அது வேறு, இது வேறு என்றேன். வேறுதானே?

பிப்ரவரி 6

வட்டத்துக்கு வெளியே இருக்கிற புள்ளியிலிருந்து தொடுகோடு வரைவது. முதல் தடவையே! காம்பஸை அவள் பிடிக்கிற விதம் அவ்வளவு நேர்த்தி. வரைந்து முடித்துத் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்கு மார்க்.

பிப்ரவரி 21

மாதிரிப் பரீட்சைத் தாள் கொடுத்துவிட்டார்கள். டெல்னாவுக்குக் கணக்கில் நாலு.

பயந்துவிட்டாள். கேள்வித்தாளைப் பார்த்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். தொடுகோடு கேள்வி இருந்தது, அவள் அந்தப் பக்கத்தைத் திருப்பவேயில்லை. எனக்கு அழுகையாக வந்தது. அவள்தான் என்னைத் தேற்றினாள்.

இன்னும் ஆறு மார்க்.

பிப்ரவரி 22

தோமஸ்குட்டி சார் வகுப்புக்கு வந்தார். தேறுவது சந்தேகம் என்று தோன்றுகிறவர்களுக்குக் கடைசிப் பத்து நாள் தனி வகுப்பு உண்டு, விலாசினி டீச்சரே கூட உட்கார்ந்து சொல்லித்தருவார் என்றார். சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொருவரும் தங்கள் நோட்டின் கடைசியில் ஒரே வரியில் எழுதித் தர வேண்டும்: தேறுவாரா, சந்தேகமா.

அரை மணி நேரம் யோசித்தேன். "தேறுவாள்" என்று எழுதினால் தனி வகுப்பில் சேர்க்க மாட்டார்கள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவளுக்குப் பயம் போகும், ஆறு மார்க் சுலபமாக வந்துவிடும். அதுவுமில்லாமல் அதுதானே உண்மை. எழுதினேன்: "டெல்னா தேறுவாள் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது."

கீழே தேதியும் கையெழுத்தும் போட்டேன்.

பிப்ரவரி 25

தனி வகுப்புப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். இரண்டே பெயர். டெல்னாவின் பெயர் இல்லை. எழுதுகிறவர் விட்டுவிட்டிருப்பார், நாளைக்கு டீச்சரிடம் கேட்க வேண்டும். டெல்னாவும் இன்று வகுப்புக்கு வரவில்லை.

பிப்ரவரி 26

என்ன செய்துவிட்டேன்.

நேற்று வர்க்கிச்சனைத் தலைமையாசிரியர் அறைக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். டெல்னாவும் கூட நின்றிருக்கிறாள். நாற்காலி போட்டு, சாயா வாங்கிக்கொடுத்து, இந்த வருஷம் பிள்ளை பரீட்சைக்கு உட்கார வேண்டாம், உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த வருஷம் வெளியிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வராதவர்கள் தோற்றவர்களின் கணக்கில் வர மாட்டார்கள். இந்த வருஷம் நாங்கள் அறுபத்து நான்கு பேர்; ஒன்று போனால் அறுபத்து மூன்று. அறுபத்து மூன்றும் ஜெயித்தால் நூறு சதவீதம்.

வர்க்கிச்சன் முதலில் சம்மதிக்கவில்லையாம். அப்போது சார் என் நோட்டை எடுத்து வாசித்திருக்கிறார். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு நாளாக. சைபர் சைபராக. கடைசி வரி வரைக்கும்.

இதையெல்லாம் டெல்னாதான் சொன்னாள், படகுத்துறையில், என்னைப் பார்க்காமல். நான் எதுவோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

"எங்க சாச்சன் நோட்ட வாங்கிப் பாத்தாரு. யாரு எழுதினதுன்னு கேட்டாரு. என் கூட்டுக்காரின்னேன். கையெழுத்து எவ்ளோ அழகா இருக்குன்னு சொன்னாரு. அப்புறம் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு."

டீச்சரம்மே என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 27

விலாசினி டீச்சரிடம் போனேன். தனி வகுப்புக்கென்றுதானே எழுதச் சொன்னீர்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, எனக்கே தெரிந்தது. டீச்சர் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். தனி வகுப்பு என்றுதான் தனக்கும் சொன்னார்கள் என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இந்த வருஷமும் நூறு வரலைன்னா ஜூன்ல பிள்ளைங்க வேற ஸ்கூலுக்குப் போயிடும். ரெண்டு டிவிஷன் ஒண்ணாயிடும். ஒண்ணாயிட்டா வெளிய போறது யாரு? கடைசியா சேந்தவ நான்தான் மோளே."

அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. டீச்சர்மீது கோபப்படத்தான் போனேன். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

பிப்ரவரி 28

என் அச்சன் பெற்றோர் சங்கத்தில் உபதலைவர். ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டுவிட்டேன், உங்களுக்கு முன்பே தெரியுமா என்று. மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, தெரியும் என்றார். கமிட்டியில் பேசி முடிவு செய்ததாம். ஒரு குழந்தைக்காக அறுபத்து மூன்று பேரின் பெயர் கெட வேண்டுமா என்று திருப்பிக் கேட்டார்.

"பேரு எப்படிக் கெடும் அச்சா? அவ தோத்தா நான் தோத்தேன்னு ஆயிடுமா?"

"நீ படிக்கிற வேலையப் பாரு."

அம்மா என் தட்டில் இன்னொரு மீன் வைத்தாள். நான் சாப்பிட்டேனா? சாப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 1

வகுப்புப் புகைப்படம். டெல்னா இல்லை. என்னை நடுவில் உட்காரச் சொன்னார்கள்.

மார்ச் 2

பரீட்சைக்கு இன்னும் இரண்டு நாள். விதிமுறைப் புத்தகத்தை நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டேன். பேர் பதிவான ஒருவரை எழுதக்கூடாது என்று தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. அவளுடைய ஹால் டிக்கெட் வந்துவிட்டது, சாரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வந்து கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

இதைச் சொல்லத்தான் போட் பிடித்து டெல்னா வீட்டுக்குப் போனேன். வரப்பில் அரை மணி நடை. வர்க்கிச்சன் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார்? என்னைவிட முப்பது வயது பெரியவர். கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கொண்டுவரச் சொன்னார். நான் விதிமுறையைச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"மோளு சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா நான் எழுதிக் குடுத்துட்டேன். சார் எனக்கு நாற்காலி போட்டு உக்கார வச்சாரு, அவரு மொகத்துல முழிக்க வேண்டாமா?"

நான் டெல்னாவிடம் திரும்பினேன். கெஞ்சினேன். தொடுகோடு வரும், கூட்டுத் தொடர் கண்டிப்பாக வரும், பத்து என்ன பன்னிரண்டே எடுப்பாய், நான் சொல்கிறேன் என்றேன்.

அவள் முட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்றத எப்படி நம்புறது? முடியாதுன்னும் நீதான எழுதின."

"தனி வகுப்பு கிடைக்கும்னு எழுதினேன் டெல்னா. சத்தியமா."

"உண்மையா இல்லையா, அத மட்டும் சொல்லு. அன்னிக்கு எழுதும்போது உனக்கு அப்படித்தான் தோணிச்சா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையாட்டினேன், ஆமாம் என்று.

"அப்பப் போ. போட் போயிடும்."

மார்ச் 4

முதல் பரீட்சை, மலையாளம். எனக்கு இரண்டு பெஞ்சுக்கு முன்னால் அவளுடைய எண். மேற்பார்வைக்கு வேறு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சார் பத்து நிமிஷம் காத்திருந்தார். பிறகு பட்டியலில் சிவப்பு மையில் ஏதோ எழுதினார். அவருக்கு அது ஒரு எண்தான்.

மார்ச் 9

சமூக அறிவியல் நன்றாக எழுதினேன். நன்றாக எழுத முடிகிறதே என்பதுதான் வருத்தம்.

மார்ச் 15

கணக்கு.

தாளைப் புரட்டியதும் முதலில் என் கணக்கைப் பார்க்கவில்லை. அவளுடையதைத்தான் தேடினேன். கூட்டுத் தொடர், இருபத்தைந்தாவது எண்: நான்கு. வட்டத்துக்கு வெளியே புள்ளி, தொடுகோடு வரைக: நான்கு. பையிலிருந்து வண்ண மணி எடுக்கிற நிகழ்தகவு, சிரித்துக்கொண்டே போடுவாள்: மூன்று. தினக்கூலிப் பட்டியலுக்கு இடைநிலை: மூன்று.

பதினாலு.

வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தேன். வழி எழுதாததற்கு மார்க் குறைத்துப் பார்த்தேன். பயத்துக்கென்று கொஞ்சம் குறைத்தேன். அப்படியும் பத்துக்குக் கீழே வரவில்லை. எப்படித் திருத்தினாலும் அவள் ஜெயிக்கிறாள். இந்தத் தாளை அவளிடம் காட்ட வேண்டும். காட்டினால் அடுத்த வருஷம் துணிந்து எழுதுவாள், இல்லையா? காட்டாமல் இருந்தால் நான் மறைத்ததாக ஆகும். காட்டத்தான் வேண்டும்.

மார்ச் 26

கடைசிப் பரீட்சை முடிந்தது. மணி அடித்ததும் பையன்கள் ஒருவர் சட்டையில் ஒருவர் வண்ணப்பொடி பூசிக்கொண்டார்கள், பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். பத்து வருஷம் படித்த பள்ளிக்கூடம். எனக்கும் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். தோமஸ்குட்டி சார் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் லட்டு கொடுத்தார். என் தலையில் கைவைத்து, நீதான் என் நம்பிக்கை என்றார். லட்டை வாங்கிக்கொண்டேன்.

கணக்குத் தாளை மடித்துப் பையில் வைத்திருந்தேன். வீட்டுக்குப் போகிற போட்டில் ஏறவில்லை, மற்றதில் ஏறினேன்.

அறுவடை முடிந்த வயலில் வாத்துகள் பரவிக் கிடந்தன. டெல்னா நீளக் கம்போடு வரப்பில் நின்றாள். நாளை மறுநாள் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வடக்கே போகிறார்களாம், அவளும் போகிறாளாம். மழைக்கு முன்தான் திரும்புவார்கள். அடுத்த வருஷப் பரீட்சையைப் பற்றிக் கேட்டேன். பார்க்கலாம் என்றாள். எழுத மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்ல வராது.

கூட்டத்தை விட்டு விலகிய ஒரு வாத்தைக் கம்பால் திருப்பிவிட்டாள். பிறகு அவளே கேட்டாள், வயலைப் பார்த்தபடி.

"கணக்கு எப்படி இருந்துச்சு? கஷ்டமா?"

பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ரொம்பக் கஷ்டம்," என்றேன். "எனக்கே ரெண்டு கேள்வி புரியல."

"தொடுகோடு வந்துச்சா?"

"வரல."

"உனக்கே புரியலையா?"

"புரியல."

அவள் மூச்சை விட்டாள். தோள் இரண்டும் இறங்கின.

"அப்ப நல்லதாப் போச்சு. வந்திருந்தா உக்காந்து முழிச்சிருப்பேன்," என்றாள். பிறகு கம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "வா டீச்சரம்மே, போட் வர நேரமாச்சு."

படகுத்துறை வரைக்கும் கையை விடவில்லை.