முயல் தீவில் நான் சொல்லாமல் விட்டது

1944, மாசி, சனிக்கிழமை

யுத்தத்தால் தாள் கிடைக்காத காலத்தில் இதற்கு ஒரு பக்கம் செலவழிப்பது தப்புதான்.

நான் வேலை பார்க்கும் பள்ளித் தலைமை ஆசிரியையின் விருந்தாளிகளான வெள்ளைக்காரத் துரைசானிகளுக்கு முயல் தீவைச் சுற்றிக்காட்ட, மொழிபெயர்க்க நானும் போனேன். வள்ளம் ஓட்டி வந்தவன் என் அண்ணன். அதை அவர்களிடம் சொல்ல வெட்கப்பட்டேன்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் கடலில் மூழ்கிச் சங்கு குளித்துக் காட்ட வேண்டும் என்றார்கள் துரைசானிகள்.

"சோறு தின்னுட்டு நாங்க முங்குததில்ல" என்றான்.

அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "முங்குங்க" என்றேன்.

வீட்டில் என்னை "ஏளா" என்று கூப்பிடுகிறவன், "சரி டீச்சரம்மா" என்று குதித்தான். கையில் சங்கோடு, மூக்கில் ரத்தம் வழிய ஏறினான். அவர்கள் சங்கைப் பார்த்துக் கைதட்டினார்கள். "எவ்வளவு அழகான தீவு" என்றாள் ஒருத்தி. அந்த வாயில் மணலை அள்ளிப்போடத் தோன்றியது. ஆனால் நானும் கைதட்டினேன்.

திரும்பும் வழியெல்லாம் அவன் என்னைப் பார்க்கவில்லை.

அண்ணே, நாளைக்கு என்னைப் பழையபடி ஏளா என்று கூப்பிடு.